தட்டு சிவக்கும் வரை

நான் ஓய்வு பெற்ற அன்று ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பழைய நுணுக்குக்காட்டியை எனக்குத் தந்து அனுப்பினீர்கள். கண்டக்குழியில் என் வீட்டு யன்னலோரம் அது இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போத்தலில் கடல் தண்ணீர் கொண்டுவந்து காட்டச் சொல்வார்கள். ஒரு துளிக்குள் எத்தனையோ சின்ன உயிர்கள் ஓடித் திரியும். பிள்ளைகளுக்கு அது பெரிய புதினம். எனக்கு மட்டும் ஓடாத ஒன்றைப் பார்க்க ஆசையாக இருக்கும். தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு, அசையாமல், தன் பாட்டில் எலும்பு கட்டும் அந்த உயிர்க்கலங்களை.

போன கிழமை உங்களில் ஒருவர் போனில் கேட்டார்: "மிஸ், ஒரு இழையப் பசைக்கு அறிக்கை எழுதவேணும். அடுத்தநாள் சோதனை நல்லா வந்திருக்கு. அது போதும்தானே?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். போனை வைத்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் வேலை செய்யத் தொடங்கியது. மறுநாளே பஸ் ஏறி உடப்புக்குப் போனேன். ஏன் போனேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சோதனைகளை எப்படிச் செய்வதென்று நான் எழுதப்போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நான் எழுதப்போவது யோகேஸ்வரியைப் பற்றி. உங்களில் ஒருவரும் அவளைக் கண்டிருக்கமாட்டீர்கள்.

நம் வேலை என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்வது லேசு. சத்திரசிகிச்சையில் உடம்புக்குள் வைக்கப்போகும் பசை அங்குள்ள கலங்களைக் கொல்லுமா என்று பார்ப்பது. எலும்புக் கலங்களைத் தட்டில் வளர்க்கிறோம், பசையை அவற்றோடு வைக்கிறோம், அடுத்தநாள் ஒரு சாயம் ஊற்றுகிறோம். உயிருள்ள கலம் சாயத்தின் நிறத்தை மாற்றும். செத்தது மாற்றாது. ஆனால் எலும்புக் கலம் உயிரோடு இருந்தால் மட்டும் போதாதே. அது கல்சியத்தைச் சேர்த்து எலும்பு கட்டவேண்டும். அதை அறிய மூன்று நான்கு கிழமை, ஏறக்குறைய ஒரு மாதம், தட்டுக்குத் தீனி கொடுத்துக் காத்திருந்து, பிறகு கல்சியத்தில் மட்டும் பிடிக்கும் ஒரு சிவப்புச் சாயத்தைப் போடவேண்டும். தட்டு சிவந்தால் கலங்கள் வேலை செய்திருக்கின்றன. சிவக்காவிட்டால் உயிரோடு இருந்தும் சும்மா இருந்திருக்கின்றன.

யோகா உடப்பில் பிறந்தவள். இரசாயனம் படித்தவள். கொழும்பில் எங்கள் ஆய்வுகூடத்தின் மறு கரையில் அவளுடைய மேசை. பசையைச் செய்வது அவள், சோதிப்பது நான். "நான் பிள்ளை பெத்துத் தாறன், நீ பள்ளிக்கூடத்தில சேர்க்காம திருப்பி அனுப்பிறாய்" என்று பகிடி பண்ணுவாள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் இரண்டு பேரும் ஒரே புத்தளம் பஸ்ஸில் ஊருக்குப் போவோம். அவள் பத்துளு ஓயாவில் இறங்குவாள். நான் பாலாவிச் சந்தி வரைக்கும் போய் கற்பிட்டி பஸ்ஸுக்கு மாறுவேன். சிலாபம் தாண்டும் மட்டும் ஆய்வுகூடத்துக் கதை. அதற்குப் பிறகு வீட்டுக் கதை. அவள் இறங்கிய பிறகு பக்கத்தில் யாராவது வந்து இருந்தால் எனக்கு ஏனோ எரிச்சல் வரும்.

எலும்பை ஒட்டுவதற்கு ஒரு பசை செய்யவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். தோலை ஒட்டப் பசைகள் இருக்கின்றன. ஆனால் உடைந்த எலும்பு இரத்தத்தில் ஊறிக் கிடக்கும், அங்கே ஒட்டவேண்டுமே. "சிப்பி எப்படி கல்லில ஒட்டுது? தண்ணிக்குள்ளதானே ஒட்டுது?" என்பாள். "அதுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதா?"

அவளுடைய முதல் பசை அடுத்தநாள் சோதனையில் மிக நன்றாக வந்தது. எல்லோருக்கும் அவள் செலவில் கேக்கும் பெட்டிசும் கிடைத்தன. சில கிழமைகளுக்குப் பிறகு சிவப்புச் சாயம் போட்டேன். பசை வைக்காத தட்டுகள் எல்லாம் சிவந்தன. பசை வைத்தவை வெள்ளையாகவே கிடந்தன. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"சாகல்லையே?"

"இல்ல. எல்லாம் உயிரோடதான் இருக்கு."

"அப்ப இவ்வளவு நாளும் என்ன செஞ்சிச்சுகளாம்?"

"இருந்திச்சுகள்."

"கவர்மென்ட் கந்தோர்க்காரர் மாதிரி" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அன்றைக்கே பழைய கலவையை வீசிவிட்டு முதலில் இருந்து தொடங்கினாள். வேறு யாராவது என்றால் என்னோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசியிருக்கமாட்டார்கள். அவளுக்குக் கோபம் பசையோடுதான், என்னோடு இல்லை. அப்படி ஒரு ஆளோடு வேலை செய்யக் கிடைப்பது எவ்வளவு அரிது என்று அப்போது எனக்குத் தெரியாது. எல்லா ஆய்வுகூடத்திலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது கலவைக்கு அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. அதுவும் அடுத்தநாள் சோதனையைத் தாண்டியது. நான் நீண்ட சோதனைக்குத் தட்டுகளை இன்கியுபேட்டருக்குள் வைத்தேன். அவற்றை வைத்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. உடப்பில் இருந்து அவளுக்குப் போன் வந்தது.

அவளுடைய தம்பி தயாளன். தகப்பன் கடலில் போன பிறகு அவனை வளர்த்தது அவள்தான். கரைவலையும் மீன்பிடிப் போட்டும்தான் அவனுடைய உலகம். அலை அடித்துக் கிடந்த ஒரு காலை, போட்டைக் கரைக்கு ஏற்றும்போது அது ஒரு பக்கமாகச் சரிந்தது. கீழே உருட்டப் போட்டிருந்த கட்டைக்கும் போட்டின் விளிம்புக்கும் நடுவில் அவனுடைய வலது மணிக்கட்டு அகப்பட்டது.

அவள் எக்ஸ்ரே படத்தைக் கொண்டுவந்து எங்கள் யன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள். நான் எலும்பைத் தட்டில் வளர்ப்பவளே தவிர, படம் வாசிக்கத் தெரிந்தவள் இல்லை. ஆனாலும் விளங்கியது. முன்கை எலும்பு மணிக்கட்டோடு சேரும் இடத்தில் எலும்பாக ஒன்றும் இல்லை. சின்னச் சின்னத் துண்டுகள்.

"டொக்டர் சொல்றார், இதுக்கு ஆணி அடிக்க ஏலாதாம். துண்டுகள் அவ்வளவு சின்னம். கம்பி போட்டுப் பிடிக்கலாமாம். ஆனா மூட்டு சமனா வராதாம். கை இறுகிப் போகுமாம்." படத்தை இறக்கினாள். "ஒட்டினா வரும், பரீதா."

அந்தச் சத்திரசிகிச்சை நிபுணர் எங்களுக்குத் தெரிந்தவர்தான். இடுப்பு மூட்டு மாற்றும்போது கழித்து எறியும் எலும்புத் துண்டுகளை, நோயாளிகளின் சம்மதத்தோடு, எங்கள் கலங்களுக்காகத் தந்து உதவுபவர். யோகாவின் பசையை ஆரம்பத்தில் இருந்தே கவனித்து வந்தவர். வேறு வழி இல்லாத நோயாளி என்று நெறிமுறைக் குழுவிடம் விசேட அனுமதி கேட்டுப் பார்க்க அவர் ஒத்துக்கொண்டார். அதற்குப் பசையைச் சோதித்தவரின் அபிப்பிராயம் வேண்டும். அதாவது என்னுடையது. எலும்பு கண்டபடி ஒட்டத் தொடங்குவதற்குள் சத்திரசிகிச்சை நடக்கவேண்டும். தட்டு சிவக்குமா என்று தெரிய இன்னும் பல நாட்கள் இருந்தன. இரண்டையும் எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

நான் தட்டுகளை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். கலங்கள் நன்றாகப் படர்ந்து, அடியைப் பிடித்துக்கொண்டு, பார்க்கவே செழிப்பாக இருந்தன. சந்தோசமாக இருந்தது. அப்புறம் ஞாபகம் வந்தது: முதல் பசையின் தட்டுகளும் இதே வயதில் இப்படித்தான் இருந்தன.

எங்கள் ஆய்வுகூடத் தலைவரிடம் போனேன். அவர் கதிரையில் சாய்ந்து யோசித்துவிட்டு, "நான் வேணுமென்றால் உனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கலாம். ஆனால் தட்டைப் பார்த்தது நான் இல்லையே" என்றார். அப்போது அது அவர் நழுவும் விதம் என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை. பார்த்தவர்தான் சொல்லவேண்டும்.

இரண்டு வசனம் எழுதினேன். *இந்தப் பசையோடு வளர்ந்த எலும்புக் கலங்கள் உயிரோடு இருக்கின்றன. அவை எலும்பு கட்டுமா என்பது இன்னும் தெரியாது.*

யோகா என் தோளுக்கு மேலால் வாசித்தாள். அவளுடைய மூச்சு என் காதில் பட்டது.

"ரெண்டாவது வசனம் எதுக்கு?"

"அதுதானே உண்மை."

"முதலாவது உண்மை இல்லையா?"

"அதுவும் உண்மைதான்."

"அப்ப அத மட்டும் எழுது. நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல்ல பரீதா. ஒரு பொய் சொல்லுடீ எண்டு கேட்டா அது வேற. ரெண்டாவது வசனத்த விடு எண்டுதான் கேக்கிறன். அவங்க கேக்கல்லையே. பசை பாதுகாப்பா எண்டுதானே கேட்டிருக்காங்க?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வேலைக்காலத்தில் யாரும் உங்களிடம் வந்து நேராகப் பொய் எழுதச் சொல்லமாட்டார்கள். அப்படிக் கேட்டால் மறுப்பது சுலபம். வீட்டில் போய்ப் பெருமையாகவும் சொல்லலாம். உங்களிடம் கேட்கப்படுவது இப்படித்தான் இருக்கும். உண்மையான ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொள் என்று. கேட்பது உங்களுக்குப் பிடித்த ஆளாக இருக்கும். கேட்பதற்கு அவர்களிடம் நல்ல காரணமும் இருக்கும்.

"அந்தத் துண்டுகள் பசையில ஒட்டிக்கொண்டு நிக்கும், யோகா" என்றேன். "ஆனா கலங்கள் எலும்பு கட்டாட்டி? பசை தேஞ்சு போற நேரம் உள்ளுக்கு ஒண்டும் இருக்காது. கம்பி போட்டா கை இறுகும். இது பிழையாப் போனா கையே நிக்காது. முதல் பசைய நீதானே பாத்தாய்?"

"இது அந்தப் பசை இல்ல."

"இல்லத்தான். இதப்பத்தி எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள். "நான் செஞ்சது. எனக்குத் தெரியும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் என்ன செய்திருப்பேனோ, அல்லாஹ்தான் அறிவான். மேசையைச் சுற்றி வந்து என் முன்னால் நின்றாள். நான் இரண்டு வசனத்துக்கும் கீழே கையெழுத்து வைத்தேன்.

மறுநாள் காலை குழு கூடியது. என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். ஒருவர் கேட்டார், உங்கள் மனசுக்கு என்ன படுகிறது என்று. சரிவரும் என்றுதான் என் மனசுக்குப் பட்டது. ஆனால் அது என் விருப்பமா என் அறிவா என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. "சரிவரவேணும் எண்டு விருப்பம். தெரியாது" என்றேன். குழு முடிவைத் தள்ளிவைத்தது. தள்ளிவைப்பதும் இல்லை என்பதும் அந்த நிலையில் ஒன்றுதான். சத்திரசிகிச்சை நிபுணர் கம்பி போட்டார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போதே என்னிடம் சிங்களத்தில் சொல்லியிருந்தார், இரண்டாவது வசனம் இல்லாமல் இருந்திருந்தால் தான் பசையைத்தான் எடுத்திருப்பேன் என்று. குற்றமாகச் சொன்னாரா நன்றியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு யோகா வேலைக்கு வந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். வேறொன்றும் இல்லை. பின்னேரத் தேத்தண்ணியைத் தன் மேசையிலேயே குடித்தாள். நான் தட்டுகளுக்குத் தீனி மாற்றிக்கொண்டிருந்தேன். "இனி யாருக்கு இது? வீசுங்களன்" என்று ஒருவர் சொன்னார். எனக்கும் வீசத்தான் விருப்பம். பதில் எதுவாக இருந்தாலும் என்னைச் சுடப்போகிறது. வெள்ளையாக வந்தால் அவளுடைய உழைப்புப் போயிற்று. சிவந்தால் அவனுடைய கை போயிற்று. ஆனாலும் கேள்வியை எழுத்தில் கேட்டது நான்தானே. பதில் வரும் நேரம் பார்த்து எழும்பிப் போக முடியாது.

சாயம் போட்ட அன்று, கழுவி முடித்ததும் தட்டை நிமிர்த்திப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நுணுக்குக்காட்டி தேவைப்படவே இல்லை. வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஒவ்வொரு தட்டும் மாதுளம்பழத்தைப் பிளந்து வைத்தமாதிரிச் சிவந்திருந்தது. பசை வைக்காதவற்றைவிடக் கொஞ்சம் கூடத்தான் சிவந்திருந்தன.

நான் வேறு யாரிடமும் காட்டவில்லை. முதலில் அவளைத்தான் கூப்பிட்டேன். வந்து பார்த்தாள். ஒரு தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுடைய முகத்தில் ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், பழைய யோகா வந்துபோனாள். செய்தவளுக்கு மட்டும் வரக்கூடிய அந்தச் சந்தோசம். பிறகு தட்டைக் கீழே வைத்தாள்.

"வடிவா இருக்கு" என்றாள்.

"யோகா..."

"இத நீ அண்டைக்குச் சொல்லியிருக்கலாம்."

"அண்டைக்கு எனக்குத் தெரியாது."

"ஓம்" என்றாள். "உனக்குத் தெரியாது."

கையுறையைக் கழற்றினாள், கை கழுவினாள், போனாள்.

தயாளனின் கை இறுகித்தான் போனது. மணிக்கட்டு மடங்கவில்லை. வலை இழுக்கவோ எஞ்சின் பிடிக்கவோ முடியாது. சில மாதங்களில் யோகாவுக்கு மெல்பேணில் ஒரு இடம் கிடைத்தது. போகுமுன் ஒரு வெள்ளிக்கிழமை நான் ஏறிய அதே புத்தளம் பஸ்ஸில் அவளும் ஏறினாள். என்னைக் கண்டாள். முன்னால் வேறு இருக்கையில் போய் இருந்தாள். சிலாபம் வரைக்கும் அவளுடைய பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருக்கலாமா என்று ஒவ்வொரு தரிப்பிலும் நினைத்தேன். பத்துளு ஓயாவில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ் எடுத்த பிறகும் நான் கண்ணாடியோடு முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டாவது வசனத்துக்காக நான் வருந்துகிறேனா என்று கேட்பீர்கள். இல்லை. தட்டு வெள்ளையாக வந்திருந்தால் எல்லோரும் என்னைப் புகழ்ந்திருப்பார்கள், யோகா உட்பட. அப்போதும் எழுதியது அதே வசனம்தானே? தட்டின் நிறத்தைப் பார்த்து முடிவைச் சரி பிழை என்று சொல்லாதீர்கள். முடிவு எடுக்கும் நேரம் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். இதை நான் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது குரல் உறுதியாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு, அவளிடம் சொல்லவேண்டும் போல இருக்கும் சின்னச் சின்ன விசயங்கள்தான் வரிசையாக வந்து நிற்கும். புதிய இன்கியுபேட்டர் வந்தது. தலைவர் நோயில் கிடந்து மௌத்தானது. ஒரு வெளிநாட்டுப் பசை பெரிய விளம்பரத்தோடு வந்து நம் தட்டில் ஒரு கலத்தையும் மிச்சம் விடாதது. இதையெல்லாம் சரியான இடத்தில் சிரித்துக் கேட்க அவள் ஒருத்தியால்தான் முடியும்.

உங்கள் கேள்வி வந்த மறுநாள் நான் உடப்புக்குப் போனது இதனால்தான். இவ்வளவு காலமும் தயாளனைப் பார்க்கப் போகவில்லை. கொழும்பில் வேலையில் இருந்தவரை நேரம் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். கண்டக்குழிக்கு வந்து குடியேறிய பிறகு அந்தச் சாட்டும் இல்லை.

அவனுக்குக் கடற்கரையில் ஒரு ஐஸ் வாடி, சின்னக் கொட்டில் ஒன்று, இருக்கிறது. மீன்காரர்களுக்கு ஐஸ் கொடுக்கிறான். தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் இடது கையால் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டான்.

"பரீதா அக்காதானே? யோகாக்கா படம் காட்டியிருக்கா."

சோடா வாங்கிக் கொடுத்தான். எங்கள் முன்னால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவனே தொடங்கினான்.

"அந்தப் பசை சரியாத்தான் இருந்ததாமே, அக்கா?"

"ஓம்."

"கவலை இல்ல எண்டு சொல்லமாட்டன். இப்பவும் வலை வாற நேரம் கை தன்ர பாட்டில எழும்பப் பாக்கும்."

நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பசை, வெள்ளைத் தட்டுகள், இரண்டு வசனம். குறுக்கே பேசாமல் கேட்டான். முடித்ததும், "தெரியாது எண்டு எழுதினது பிழை இல்ல" என்றான். "நாங்களும் தெரியாமத்தான் கடலுக்குப் போறம். வருவமா வரமாட்டமா எண்டு ஒருத்தனுக்கும் தெரியாது. ஆனா போறதா விடுறதா எண்டு முடிவெடுக்கிறது நாங்க. அண்டைக்கு டொக்டர் கதைச்சார், யோகாக்கா கதைச்சா, நீங்க எழுதினீங்க, குழு இருந்திச்சு. நான் ஆஸ்பத்திரியில முழிச்சுக்கொண்டுதான் கிடந்தன். என்னட்ட மட்டும் யாரும் கேக்கல்ல."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாய்?" என்று கேட்டேன்.

அவன் யோசித்தான். "அது இப்ப எப்படிச் சொல்லுறது? கை இறுகினவன் இப்ப என்னத்தையும் சொல்லலாம்."

இந்த வேலையில் நான் கேட்ட பேச்சுகளில் என்னை அதிகம் தடுமாற வைத்தது இதுதான். நாம் தட்டைப் பார்க்கிறோம். தட்டுக்கு வாய் இல்லை. அதனால் நம் வசனம் போய்ச் சேரும் இடத்தில் இருக்கும் ஆளுக்கும் வாய் இல்லை என்று பழகிவிடுகிறோம். நம் எழுத்து குழுவின் மேசையோடு நின்றுவிடக்கூடாது. கட்டிலில் கிடப்பவனுக்கும் அது விளங்கவேண்டும். தெரியாத பகுதியும் சேர்த்து. இதை எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியாது. நான் ஓய்வு பெற்றவள். நீங்கள் யோசியுங்கள்.

நான் எழும்பப் போகும்போது தயாளன் தன் போனை எடுத்தான். இடது பெருவிரலால் அழுத்தி, காதில் வைக்காமல் முகத்துக்கு நேரே பிடித்தான். "அக்கா, ஒராள் வந்திருக்கா" என்று சொல்லிவிட்டு, நான் தலையாட்ட முன்னமே போனை என் கையில் தந்தான்.

திரையில் யோகா. கண்ணாடி போட்டிருந்தாள். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். அலைச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கவேண்டும்.

"தம்பின்ர வாடிக்கா வந்திருக்காய்?" என்றாள்.

"ஓம்."

"மெலிஞ்சிட்டாய்."

"நீயுந்தான்."

"நான் இப்பவும் அதத்தான் செய்யிறன்" என்றாள். "அந்தப் பசையத்தான். மாத்தி மாத்தி இப்ப ஒரு நிலைக்கு வந்திருக்கு. இங்க ஆக்களில பாவிக்கலாம் எண்டு கதைக்கிறாங்க. அவசரப்படுறாங்க. அடுத்தநாள் சோதனை போதுமாம். நான் விடல்ல. வெளியில ஒரு இடத்தில கட்டாயம் பாக்கவேணும் எண்டு நிண்டுட்டன். எங்கட இடத்தின்ர பேரைத்தான் குடுத்திருக்கிறன்."

"நான் இப்ப அங்க இல்ல, யோகா."

"தெரியும். அங்க எழுதிக் கேட்ட நேரம் சொன்னாங்க. இப்ப யாரு பாக்கிறது?"

"புள்ளைகள் இருக்காங்க. நல்ல புள்ளைகள்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணையும் துடைத்தாளோ தெரியாது, படம் தெளிவாக இல்லை.

"பரீதா, அவங்க ரெண்டாவது வசனத்த எழுதுவாங்களா?"

எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டேன். உங்கள் ஒருவரையும் கேட்காமல் சொல்லிவிட்டேன். அவளுடைய பசைப் பொதி அடுத்த மாதம் உங்கள் மேசைக்கு வரும்.